சிறை நிரம்பினால் குற்றம் குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறைக் கணக்குகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதே இருபது சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். கோபமாகக் கேட்டவற்றையும் மென்மையாக்கவில்லை. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. சிறைவீதம் என்றால் மொத்தக் கைதிகளின் எண்ணிக்கைதானே?

இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு நாட்டின் சிறைகளில் இருப்பவர்களை எண்ணி, மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று சொல்வதுதான் சிறைவீதம். உலகம் முழுவதும் 1.1 கோடிக்கும் மேற்பட்டோர் சிறையில் இருக்கிறார்கள். சராசரியாக லட்சத்துக்குச் சுமார் 140 பேர். ஜப்பானில் இது 35ஐ ஒட்டி இருக்கிறது, பின்லாந்தில் 50 முதல் 60 வரை. அமெரிக்காவில் 500க்கு மேல். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் 1,000ஐத் தாண்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. தண்டனை பெற்றவர்களை மட்டும் எண்ணினார்களா, விசாரணைக் கைதிகளையும் சேர்த்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மாநில, மத்திய சிறைகள் தனி; உள்ளூர் நிர்வாகங்கள் நடத்தும் சிறைகள் தனி. முதல் வகையை மட்டும் எடுத்தால் எண் கணிசமாகக் குறைந்துவிடும். ஒரே நாட்டுக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொன்னால், பெரும்பாலும் இதுதான் காரணம். பொய் சொல்கிறார்கள் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.

2. குற்றம் அதிகமான நாட்டில் கைதிகள் அதிகமாக இருப்பார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் பட்டியலைப் பார்த்தால் அப்படி இல்லை. ஜமைக்காவின் கொலைவீதம் (லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை கொலை) உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அதன் சிறைவீதமோ உலகச் சராசரியை ஒட்டித்தான் இருக்கிறது. தாய்லாந்தில் கொலைவீதம் அமெரிக்காவைவிடக் குறைவு. இருந்தும் சிறைகள் நிரம்பி வழிகின்றன, ஏனென்றால் அங்குள்ள கைதிகளில் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள். ஜப்பானில் இரண்டுமே குறைவு. பிரேசிலில் இரண்டுமே அதிகம்.

காலப்போக்கில் பார்த்தாலும் இதே கதைதான். ரஷ்யாவில் 2000ஆம் ஆண்டை ஒட்டி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள். இருபது ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் அங்கே கொலைகளும் பெருமளவு குறைந்தன. சிறையும் குற்றமும் ஒன்றாக ஏறலாம், ஒன்றாக இறங்கலாம், எதிரெதிராகவும் போகலாம். நான்கு வகைக்கும் உதாரணம் இருக்கிறது.

3. அப்படியானால் கைதிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எது?

இரண்டே இரண்டு எண்கள்: எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், சராசரியாக எவ்வளவு நாள் இருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். ஆண்டுக்கு 10,000 பேர் வந்து, ஆளுக்கு ஆறு மாதம் இருந்தால், எந்த நாள் எண்ணினாலும் உள்ளே ஏறக்குறைய 5,000 பேர். அதே 10,000 பேரை ஆளுக்கு மூன்று ஆண்டு வைத்தால் 30,000 பேர். குற்றம் ஒன்றுகூடக் கூடவில்லை. சிறை ஆறு மடங்கு ஆகிவிட்டது.

எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் குற்றத்தை மட்டும் பொறுத்ததல்ல. புகார் பதிவாகிறதா, போலீஸ் ஆளைப் பிடிக்கிறதா, அரசு வழக்கறிஞர் வழக்கைத் தொடர்கிறாரா, நீதிபதி அபராதம் போடுகிறாரா சிறை போடுகிறாரா, பரோல் கிடைக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். மேற்கு ஜெர்மனி 1969இல் சட்டத்தைத் திருத்தி, ஆறு மாதத்துக்குக் குறைவான சிறைத் தண்டனையை அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியது, மற்றவர்களுக்கு அபராதம். குறுகிய காலத் தண்டனைகள் சில ஆண்டுகளிலேயே மிகச் சிலவாகிவிட்டன. குற்றவாளிகள் மாறவில்லை, விதி மாறியது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மற்றவை பலவும் இதன் கிளைகள்.

4. குற்றம் கூடியதா குறைந்ததா என்பதையே எப்படி நம்புவது? போலீஸ் கணக்குதானே அது?

நியாயமான சந்தேகம். போலீஸ் பதிவேட்டில் புகாராக வந்ததுதான் இருக்கும். மக்களுக்குப் போலீஸ் மீது நம்பிக்கை கூடினால் புகார் கூடும், குற்றம் கூடியதுபோலத் தெரியும். அதனால்தான் நாடுகளை ஒப்பிடும்போது கொலையை எடுத்துக்கொள்கிறார்கள். பிணத்தை மறைப்பது கடினம். இன்னொரு வழி, வீடு வீடாகப் போய் 'கடந்த ஓராண்டில் உங்களுக்கு ஏதாவது திருட்டு, தாக்குதல் நடந்ததா?' என்று கேட்கும் கணக்கெடுப்பு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் இப்படிக் கேட்டதில், 1995இல் உச்சத்தைத் தொட்ட குற்றம் பிறகு தொடர்ந்து சரிந்தது தெரியவந்தது. போலீஸ் பதிவேடு மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

5. அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு கைதிகள்?

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிறைவீதம் (உள்ளூர் சிறைகளையும் சேர்த்து) 160ஐ ஒட்டி இருந்தது. 2008 வாக்கில் 750ஐத் தாண்டியது, சுமார் 23 லட்சம் பேர். பின்னர் இறங்கி இப்போது 18, 19 லட்சத்தில் நிற்கிறது. அந்த ஏற்றத்தின் முதல் கட்டத்தில் குற்றமும் ஏறியது உண்மைதான். ஆனால் 1991க்குப் பிறகு குற்றம் இறங்கத் தொடங்கியும் சிறை மட்டும் இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஏறிக்கொண்டே போனது.

காரணத்தை அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2014இல் விரிவாக ஆராய்ந்தது. முடிவு, மூன்றாம் கேள்வியின் தொட்டிக் கணக்குதான்: பிடிபட்டவர்களில் சிறைக்குப் போகிறவர்களின் பங்கு கூடியது, உள்ளே இருக்கும் காலம் நீண்டது, போதைப்பொருள் கைதுகள் பெருகின. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைப் பாருங்கள். கொக்கெய்ன் தூள் 500 கிராம் விற்றால், அல்லது விற்க வைத்திருந்தால், குறைந்தது ஐந்து ஆண்டு. அதையே சமைத்துக் கட்டியாக்கிய கிராக் என்றால் வெறும் 5 கிராமுக்கே அந்த ஐந்து ஆண்டு. நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் 2010இல்தான் 18க்கு ஒன்று என்று குறைக்கப்பட்டது. கிராக் வழக்குகளில் பெரும்பாலும் மாட்டியவர்கள் கறுப்பின மக்கள். வேதியியல் ஒன்றுதான், தண்டனை வேறு.

6. அதே அமெரிக்காவில்தானே 1991க்குப் பிறகு குற்றம் பாதியாகக் குறைந்தது? சிறைதானே காரணம்?

கொஞ்சம் காரணம், முழுக் காரணம் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவைப் பாருங்கள். அங்கே சிறைவீதம் பல பத்தாண்டுகளாக 100ஐச் சுற்றியே நிற்கிறது. ஆனாலும் 1990களில் அங்கும் கொலையும் திருட்டும் குறைந்தன, ஏறக்குறைய அதே ஆண்டுகளில். மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலும் அப்படித்தான். சிறையை ஐந்து மடங்காக்கிய நாட்டிலும் ஆக்காத நாட்டிலும் ஒரே நேரத்தில் குற்றம் குறைந்தால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும்.

அது என்ன என்பதில் சண்டை ஓயவில்லை. இளைஞர் எண்ணிக்கை குறைந்தது, கிராக் சந்தை அடங்கியது, பெட்ரோலில் இருந்த ஈயம் நீக்கப்பட்டது என்று பல விளக்கங்கள். எனக்குப் பிடித்தது மிகச் சாதாரணமான ஒன்று: சாவி இல்லாமல் இன்ஜின் கிளம்பாதபடி தடுக்கும் மின்னணுப் பூட்டு கார்களில் வந்ததும் கார் திருட்டு பல நாடுகளில் விழுந்தது. அதற்காக ஒருவரையும் கூடுதலாக அடைக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கச் சரிவில் சிறையின் பங்கு மூன்றில் ஒன்று வரை இருக்கும் என்பவர்களும் உண்டு, மிகச் சொற்பம் என்பவர்களும் உண்டு.

7. ஆய்வாளர்கள் ஏன் ஒரே எண்ணைச் சொல்வதில்லை? அவர்களுக்கே தெரியாதா?

குடைகள் அதிகம் தென்படும் நாளில் மழையும் அதிகம். அதற்காகக் குடைதான் மழையைக் கொண்டுவருகிறது என்று யாரும் சொல்வதில்லை. சிறையில் இந்தச் சிக்கல் இரு பக்கமும் வெட்டும்: குற்றம் கூடினால் சிறை கூடும், சிறை கூடினால் குற்றம் குறையலாம். இரண்டும் ஒரே புள்ளிவிவரத்தில் கலந்து கிடக்கின்றன.

பிரித்தெடுக்க ஒரு தந்திரம், குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத காரணத்தால் சிறை எண்ணிக்கை மாறிய தருணங்களைத் தேடுவது. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 1996இல், சிறை நெரிசலை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளால் கைதிகளைக் குறைக்க வேண்டிவந்த அமெரிக்க மாநிலங்களை எடுத்துப் பார்த்து, சிறை குறைந்தால் குற்றம் கணிசமாகக் கூடுகிறது என்றார். அதே கேள்வியைப் பிற்கால ஆண்டுகளுக்கும் பிற இடங்களுக்கும் கேட்டவர்களுக்கு மிகச் சிறிய விளைவே கிடைத்தது. இரண்டும் சரியாக இருக்கலாம். ஏன் என்பது ஒன்பதாம் பதிலில்.

8. சிறையை வேண்டுமென்றே குறைத்த நாடு ஏதாவது உண்டா? அங்கே குற்றம் வெடிக்கவில்லையா?

பின்லாந்து. 1950களின் தொடக்கத்தில் அதன் சிறைவீதம் 200க்குச் சற்றுக் கீழே இருந்தது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கைவிடப் பல மடங்கு. 1960களில் அந்நாட்டு நீதித்துறை அதிகாரிகளும் சட்ட அறிஞர்களும் இதை ஒரு தேசிய அவமானமாகவே பார்க்கத் தொடங்கினார்கள். 1970களில் திருட்டுக்கும், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கும் தண்டனையைக் குறைத்தார்கள். நிபந்தனையோடு நிறுத்திவைக்கும் தண்டனையைப் பரவலாக்கினார்கள். 1990களில் சிறைக்குப் பதில் சமூகப் பணி வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் வீதம் 60ஐ ஒட்டி இறங்கி, அக்கம்பக்கத்தாரோடு சமமானது.

அந்த நாற்பது ஆண்டுகளில் பின்லாந்தில் பதிவான குற்றம் கூடியது உண்மை. ஆனால் சிறைவீதத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருந்த ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் நார்வேயிலும் அதே அளவில், அதே வளைவில் கூடியது; பிறகு எல்லா இடத்திலும் சமன்பட்டது. நான்கு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், சிறையைக் குறைத்த நாடு எது என்று குற்றக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தத் துறையில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு அபூர்வம்.

பின்லாந்து சின்ன நாடு, வசதியான நாடு என்று உடனே சொல்வார்கள். சரிதான். ஆனால் சிறைகள் நிரம்பியிருந்த 1950இல் அது போரில் அடிபட்ட, அத்தனை வசதியில்லாத நாடு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

9. திருடனை உள்ளே வைத்தால் அவனால் வெளியே திருட முடியாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே?

தெரியும், உண்மையும்கூட. அடைத்துவைத்துத் தடுப்பது என்ற இந்த விளைவை யாரும் மறுப்பதில்லை. அது எவ்வளவு, எது வரை என்பதுதான் கேள்வி.

முதலாவது, எந்தக் குற்றம் என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து வீடு புகுந்து திருடுபவனை அடைத்தால் அவன் செய்திருக்கக்கூடிய திருட்டுகள் நிற்கும். தெருமுனையில் போதைப்பொருள் விற்பவனை அடைத்தால் மறுநாள் அந்த முனையில் வேறொருவன் நிற்பான். வேலை காலியாகிறது, ஆள் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, வயது. எந்த நாட்டை எடுத்தாலும் குற்றம் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. 22 வயதுக்காரனுக்கு முப்பது ஆண்டு கொடுத்தால், அதில் பெரும்பகுதி அவன் எப்படியும் ஓய்ந்திருக்கக்கூடிய ஆண்டுகள். நடுவயதைக் கடந்த மூட்டுவலிக்காரரைக் காவல் காக்கும் செலவு அது.

மூன்றாவதுதான் முக்கியம். சிறைவீதம் குறைவாக இருக்கும் நாட்டில் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் ஆபத்தானவர்கள். வீதம் ஏற ஏற, புதிதாகச் சேர்க்கப்படுபவர்கள் மேலும் மேலும் சில்லறைக் குற்றவாளிகளாக இருப்பார்கள். முதல் ஆயிரம் பேரை அடைத்ததால் கிடைத்த பலன் பத்தாவது ஆயிரத்தில் கிடைக்காது. ஏழாம் கேள்வியின் முரண்பாடு இதில் ஓரளவு தீர்கிறது: முன்பு அளந்தவர் பலன் வேகமாக ஏறும் செங்குத்தான இடத்தில் அளந்தார், பின்பு அளந்தவர்கள் பலன் அதிகம் ஏறாத சமதளத்தில்.

10. ஒரு சதவீதம் பேர்தான் பெரும்பாலான வன்முறையைச் செய்கிறார்களாமே? அவர்களை மட்டும் மொத்தமாக அடைத்தால் போதாதா?

ஸ்வீடனில் 1958 முதல் 1980 வரை பிறந்தவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. மக்களில் 1 சதவீதம் பேர்மீதே வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 63 சதவீதம் விழுந்திருந்தது. எண் உண்மை. ஆனால் அது திரும்பிப் பார்த்துப் போட்ட கணக்கு. எல்லாம் முடிந்த பிறகு பட்டியலைப் பார்த்தால் அந்த ஒரு சதவீதம் பளிச்சென்று தெரியும். முதல் அடிதடி வழக்கில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன்களில் யார் அந்தப் பட்டியலில் சேரப்போகிறவன் என்பது அன்றைக்குத் தெரியாது. சந்தேகப்பட்டு எல்லோரையும் அடைத்தால், அதோடு நிறுத்திக்கொண்டிருக்கக்கூடிய பலரையும் சேர்த்து அடைப்போம்.

பல தீர்ப்புகள் பெற்றவருக்கு நீண்ட தண்டனை என்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் தீர்ப்புகளின் வரிசை நீள்வதற்குள் வயது ஏறிவிடுகிறது. ஒன்பதாம் பதிலில் சொன்ன இறக்கம் அதற்குள் தொடங்கிவிடும்.

11. தண்டனை கடுமையானால் பயம் வரும்தானே?

பயம் வரும், பிடிபடுவோம் என்று நம்பினால். 1764இலேயே இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா, கொடுமையான தண்டனையைவிடத் தப்பவே முடியாத தண்டனைதான் குற்றத்தைத் தடுக்கும் என்று வாதிட்டார். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம். ஐந்தாண்டு தண்டனையைப் பத்தாக்குவதால் திருடனின் மனக்கணக்கு அதிகம் மாறுவதில்லை. பத்தில் ஒருவர் பிடிபடும் இடத்தில் ஐந்தில் ஒருவர் பிடிபட்டால் மாறுகிறது. குற்றம் செய்யப் போகிறவர்களில் பலருக்குச் சட்டத்தில் எத்தனை ஆண்டு என்றே தெரியாது, போதையிலோ ஆத்திரத்திலோ இருப்பவருக்குத் தெரிந்தும் பயனில்லை.

ஆனாலும் தண்டனையின் நீளத்துக்கு விளைவே இல்லை என்று சொல்பவர்களுக்கு இத்தாலியிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. அது பதினான்காம் கேள்வியில் வரும்.

12. மூன்றாவது முறை மாட்டினால் ஆயுள் என்று ஒரு சட்டம் இருந்ததே, என்ன ஆயிற்று?

கலிஃபோர்னியா, 1994. ஏற்கெனவே இரண்டு கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாகச் செய்யும் குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. மூன்றாவது குற்றம் வன்முறையாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் சிக்கல். கோல்ஃப் மட்டைகள் மூன்றைத் திருடியவருக்கு இந்தத் தண்டனை விழுந்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 2003இல் உறுதிசெய்தது. 2012இல் வாக்காளர்களே இதைத் திருத்தி, மூன்றாவதும் கடுமையான குற்றமாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

13. சிறைக்குப் போனவன் திருந்தி வருகிறானா, கெட்டு வருகிறானா?

சிறையைப் பொறுத்தது. நழுவல் பதில் போலத் தோன்றும், ஆனால் உண்மையிலேயே அப்படித்தான். சில நாடுகளில் வழக்குகளை நீதிபதிகளுக்குக் குலுக்கல் முறையில் பிரிக்கிறார்கள். ஒரு நீதிபதி கண்டிப்பானவர், இன்னொருவர் இளகியவர். ஒரே மாதிரிக் குற்றம் செய்த இருவரில் ஒருவர் வெறும் அதிர்ஷ்டக் குறைவால் சிறைக்குப் போகிறார். இருவரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால் சிறையின் விளைவு தனியாகத் தெரியும்.

நார்வேயில் இப்படிப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வில், சிறைக்குப் போனவர்கள் பிறகு குறைவாகவே குற்றம் செய்தார்கள். அதுவும் முன்பு வேலையில் இல்லாதவர்களிடம்தான் இந்த மாற்றம். உள்ளே தொழிற்பயிற்சி கிடைத்து, வெளியே வந்து வேலைக்குப் போனார்கள். டெக்சாஸில் ஹாரிஸ் பகுதியில் இதே முறையில் பார்த்தபோது நேர் எதிர்: சிறை அவர்களை மேலும் குற்றத்தில் தள்ளியது, வேலை வாய்ப்பையும் கெடுத்தது. இத்தகைய ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் விளைவு இல்லை, அல்லது கெடுதல்.

கெடுதலின் உச்சத்துக்கு பிரேசில். 1992இல் சாவோ பாவ்லோவின் கரான்டிரு சிறைக் கலவரத்தை அடக்கப் புகுந்த போலீஸ் 111 கைதிகளைக் கொன்றது. மறுஆண்டு, அதே மாநிலத்தின் டவுபாட்டே சிறையில் கைதிகள் தற்காப்புக்கென்று ஒரு கூட்டம் சேர்த்தார்கள். அதுதான் பிசிசி, இன்று தென் அமெரிக்காவின் மிகப் பெரிய குற்றக் கும்பல்களுள் ஒன்று. பிரேசில் கைதிகளைப் பெருக்கப் பெருக்க, கும்பலுக்கு ஆள் சேர்ந்தது. அரசு செலவில் ஆள்சேர்ப்பு.

14. ஆயிரக்கணக்கானவர்களை ஒரேயடியாக வெளியே விட்டால் என்ன ஆகும்?

இத்தாலி செய்து பார்த்தது. 2006 ஆகஸ்டில், நெரிசல் தாங்காமல், பொது மன்னிப்பாகப் பெரும்பாலான கைதிகளுக்கு மூன்று ஆண்டு வரை தள்ளுபடி. சில நாட்களில் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே வந்துவிட்டார்கள். திருட்டு கூடியது, சந்தேகமே இல்லை. சில ஆண்டுகளில் சிறைகள் மறுபடி நிரம்பின.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. ஐந்தாண்டுக்குள் மறுபடி கடுமையான குற்றத்தில் மாட்டினால், தள்ளுபடியான காலமும் புதிய தண்டனையோடு சேரும். ஒருவருக்கு ஒரு மாதம் மிச்சம், இன்னொருவருக்கு முப்பது மாதம் மிச்சம். அதிகம் மிச்சம் இருந்தவர்கள் குறைவாகவே மறுபடி குற்றம் செய்தார்கள். பதினொன்றாம் பதிலில் சொன்ன விதிவிலக்கு இதுதான்: தன் தலைக்கு மேல் எவ்வளவு தொங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்தவர்களிடம் நீளமும் வேலை செய்கிறது.

கலிஃபோர்னியாவிலும் 2011இல், நெரிசலைக் குறைக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததால் மாநிலச் சிறைகளிலிருந்து பல்லாயிரம் பேர் குறைக்கப்பட்டார்கள். கார் திருட்டு கூடியது. வன்முறைக் குற்றத்தில் விளைவு தென்படவில்லை. இத்தாலியில் வெளிவந்தவர்கள் பல தரப்பினரும். கலிஃபோர்னியாவில் குறைந்தவர்கள் பெரும்பாலும் சில்லறை வழக்குக்காரர்கள். எத்தனை பேர் என்பதோடு யார் என்பதும் கணக்கில் வரும்.

15. எல் சால்வடாரைப் பாருங்கள். எல்லோரையும் அடைத்தார்கள், கொலையே நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் நீங்கள் சொன்னதெல்லாம் பொய்யா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. மழுப்பாமல் சொல்கிறேன்: அங்கே கொலை சரிந்தது உண்மை, தெருவில் மக்கள் நிம்மதியாக நடக்கிறார்கள் என்பதும் உண்மை. 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து 80,000க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் கொலைவீதம் 2023இல் 2.4, 2024இல் 1.9. மாரா கும்பல்கள் ஊர் ஊராக மாமூல் வசூலித்துவந்த நாட்டில், கும்பல்காரர்களை மொத்தமாக அகற்றியது வேலை செய்திருக்கிறது.

ஆனால் வரைபடத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். 2015இல் லட்சத்துக்கு 100க்கு மேல் இருந்த வீதம், அவசரநிலைக்கு முந்தைய 2021இலேயே 18 ஆகிவிட்டது. சரிவின் பெரும்பகுதி பெருங்கைதுக்கு முன்பே நடந்தது. அரசு கும்பல் தலைவர்களோடு ரகசியமாகப் பேரம் பேசியதாக அமெரிக்கக் கருவூலத் துறை 2021இல் குற்றம்சாட்டியது. அரசு அதை மறுத்தது. போலீஸோடு மோதலில் இறந்தவர்களை இப்போது கொலைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. இத்தனையும் கழித்தாலும் சரிவு பெரியதுதான்.

விலை என்ன? உள்ளே போனவர்களில் கும்பலோடு தொடர்பே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அரசே பிறகு பல ஆயிரம் பேரை விடுவித்தது. நூற்றுக்கணக்கானோர் சிறையில் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் கணக்கெடுத்திருக்கின்றன. வழக்குகளை நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே விசாரணையாக நடத்தச் சட்டமும் வந்தது. பக்கத்து ஹோண்டுராஸ் 2022 டிசம்பரில் அதே மாதிரி அவசரநிலையை அறிவித்தது. அதே விளைவு அங்கே கிடைக்கவில்லை. அதிகாரமெல்லாம் ஒரே கையில் குவிந்திருந்ததும், பச்சை குத்தி அடையாளம் காட்டிக்கொண்டு திரிந்த கும்பல்களும் எல் சால்வடாரின் தனிச் சூழல். அடைத்தவர்களை என்றைக்கு, எப்படி வெளியே விடுவது என்ற கேள்விக்கு அங்கே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

16. தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகளையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

சேர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் கதவு அவர்களுக்கும் ஒன்றுதான். உலகக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தீர்ப்புக்குக் காத்திருப்பவர். இந்தியாவில் நான்கில் மூவர்: 2022 முடிவில் இருந்த 5.73 லட்சம் கைதிகளில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். சிறைவீதம் லட்சத்துக்கு 40 சொச்சம்தான் என்று பெருமைப்படுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்த நாற்பதில் முப்பதைத் தீர்மானிப்பது தண்டனைக் கொள்கை அல்ல, ஜாமீனும் வாய்தாவும்தான்.

17. மனநல மருத்துவமனைகளை மூடியதால்தான் சிறைகள் நிரம்பின என்கிறார்களே?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லயனல் பென்ரோஸ் 1939இல் 18 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, மனநலப் படுக்கைகள் அதிகமான இடத்தில் கைதிகள் குறைவு என்று காட்டினார். அந்த எண்ணம் இன்றும் சுற்றுகிறது. ஓரளவு உண்மை: கடுமையான மனநோய் உள்ளவர்கள் சிறையில் வெளியுலகைவிட மிக அதிகம். ஆனால் ஐந்தாம் பதிலில் சொன்ன ஏற்றத்தை இதை வைத்து முழுதாக விளக்க முடியாது. மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்களில் முதியோரும் பெண்களும் நிறைய; சிறையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள்.

18. 2020இல் கைதிகளை வெளியே விட்டார்கள், உடனே அமெரிக்காவில் கொலை 30 சதவீதம் கூடியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரண்டும் நடந்தன. ஆனால் கோவிட் காலத்தில் சிறை எண்ணிக்கையைக் குறைத்தது அமெரிக்கா மட்டுமல்ல. ஐரோப்பாவில் பல நாடுகள் குறைத்தன, அங்கே கொலை இப்படி ஏறவில்லை. அமெரிக்காவிலும் கடுமையான மாநிலம், இளகிய மாநிலம் என்ற பேதமில்லாமல் எல்லா இடத்திலும் கொலை ஏறியது. அந்த ஆண்டு துப்பாக்கி விற்பனை உச்சம் தொட்டது, பள்ளிகளும் வேலைகளும் முடங்கின, ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் ஒருவர் கொன்ற பின் போலீஸுக்கும் மக்களுக்கும் இடையே உறவு முறிந்தது. எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பிறகு 2023, 2024இல் கொலை வேகமாக இறங்கியபோது சிறைவீதம் பழைய உயரத்துக்குத் திரும்பியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

19. குற்றவாளிகளுக்காகவே பேசுகிறீர்கள். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

தண்டனைக்கு இரண்டு காரணங்கள் உண்டு: செய்ததற்குப் பலன், இனி நடக்காமல் தடுப்பது. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றி. ஒரு கொலைகாரனுக்கு எத்தனை ஆண்டு நியாயம் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது, நானும் சொல்லப்போவதில்லை. கொன்றவனை அடைப்பது கொலைவீதத்தைக் குறைக்காவிட்டாலும் அது தேவை என்று ஒருவர் சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. 'இதனால் குற்றம் குறையும்' என்று சேர்த்துச் சொல்லும்போது மட்டும் கணக்கைக் கேட்பேன்.

இன்னொன்று. பல நாடுகளில் கொலைகளில் பெரும்பகுதிக்கு யாரும் தண்டிக்கப்படுவதே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு, சட்டத்தில் ஆயுள் என்று இருக்கிறதா இருபது ஆண்டு என்று இருக்கிறதா என்பதைவிட, செய்தவன் பிடிபட்டானா என்பதுதான் முதல் கேள்வி.

20. நெதர்லாந்தில் கைதிகளே இல்லாமல் சிறைகளை மூடுகிறார்களாமே?

வாட்ஸ்அப்பில் வரும் வடிவத்தில் பாதி உண்மை. நெதர்லாந்து 1970களில் மிகக் குறைந்த சிறைவீதத்துக்குப் பேர் போன நாடு, 20ஐ ஒட்டி. பிறகு முப்பது ஆண்டுகள் ஏறி 100ஐ நன்றாகத் தாண்டியது, 2005க்குப் பிறகு பாதியாகச் சரிந்தது. குற்றம் குறைந்தது ஒரு காரணம், நீதிபதிகள் சமூகப் பணித் தண்டனைக்கு மாறியது இன்னொன்று. காலியான சிறைகளில் சிலவற்றை மூடினார்கள். டில்பர்க் சிறையை 2010 முதல் 2016 வரை பெல்ஜியத்துக்கும், நார்கர்ஹாவன் சிறையை 2015 முதல் 2018 வரை நார்வேக்கும் வாடகைக்கு விட்டார்கள். ஆம், அப்போது நார்வேயிடம் கைதிகளை வைக்கப் போதிய இடம் இருக்கவில்லை.

இப்போது காற்று மாறிவிட்டது. நெதர்லாந்திலேயே ஊழியர் பற்றாக்குறையால் அறைகள் போதவில்லை. டென்மார்க் கொசோவோவில் 300 அறைகளை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கும்பல் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு தண்டனைகளை நீட்டிக்கொண்டே போகும் ஸ்வீடன், எஸ்தோனியாவின் டார்டு சிறையில் 600 பேர் வரை வைக்க 2025இல் கையெழுத்திட்டது. எட்டாம் பதிலில் பின்லாந்து எந்த அக்கம்பக்கத்தாரைப் பார்த்து வெட்கப்பட்டதோ, அதே ஸ்வீடன்தான்.